எங்கே சாப்பிடலாம் என்று கேட்டவர்களுக்கு

கிருஷாந்தன் சாம்பல்தீவுக்காரன். முப்பத்துநாலு வயதுவரை சோடா லொறி ஓட்டினான். திருகோணமலை நகரத்திலும் துறைமுகப் பக்கத்திலும் உள்ள சாப்பாட்டுக் கடைகள் அத்தனையின் பின்கதவும் அவனுக்குத் தெரியும். பின்கதவால் போகிறவனுக்குக் குசினி தெரியும். குசினி தெரிந்தவனுக்கு எந்தக் கடையில் எதைச் சாப்பிடலாம், எந்தக் கடையில் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்பது தெரியும். துறைமுக வலய உணவகப் பரிந்துரைச் சபை என்று ஒன்று புதிதாகத் தொடங்கி, பரிந்துரை உத்தியோகத்தர் பதவிக்கு ஆள் தேவை என்று அறிவித்தபோது, அவனுடைய மனைவி பிரசாந்திதான் விண்ணப்பத்தை நிரப்பினாள். வேறு யாருக்கும் இந்த வேலை பொருந்தாது என்பது அவளுடைய முடிவு.

நேர்முகத் தேர்வில் சபையின் பணிப்பாளர் கனகசபை ஒரு கேள்விதான் கேட்டார். வெளியூரிலிருந்து வரும் ஒருவர் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கிருஷாந்தன் இருபது நிமிடம் பதில் சொன்னான். காலையில் வந்தவரா, மத்தியானம் வந்தவரா என்று முதலில் கேட்க வேண்டும் என்றான். காலை என்றால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இடியப்பமும் சொதியும். மத்தியானம் என்றால், மூதூர்ப் படகு வந்து சேரும் துறைக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகை இல்லாத யோகம்மாவின் கடை. அங்கே போய் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. அன்றைக்கு வலையில் என்ன பட்டதோ அதுதான் இருக்கும். சூடை மீன் பட்ட நாளென்றால் பொரியலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மணிக்குப் போனால் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். தேர்வுக் குழுவில் இருந்த மூவரும் ஒருமுறை எச்சில் விழுங்கினார்கள்.

பணிப்பாளர் கோப்பை மூடினார்.

“உங்களுக்கு நிறையத் தெரிஞ்சிருக்கு, தம்பி. பரவாயில்லை. பயிற்சியில அதைச் சரிப்படுத்தலாம்.”

பயிற்சி மூன்று மாதம் நடந்தது. சபையின் தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய பின் பணிப்பாளர் ஆற்றிய உரைதான் முதற் பாடம். கிருஷாந்தன் அதை மனப்பாடம் செய்தான். “ருசி என்பது ஒவ்வொருவரினதும் தனிப்பட்ட விடயம். தனிப்பட்ட விடயங்களில் அரசாங்க நிறுவனம் தலையிட முடியாது. கதவின் அகலம் பொது விடயம். கழுவு தொட்டியின் உயரம் பொது விடயம். ஆகவே எமது சபை உணவகங்களை மதிப்பிடுமே தவிர, உணவை மதிப்பிடும் அநாகரிகத்தை ஒருபோதும் செய்யாது.”

அதற்கேற்றபடி ஒரு படிவம் இருந்தது. எண்பத்திரண்டு கேள்விகள். வாகனத் தரிப்பிடம், தீயணைப்புக் கருவி, மும்மொழிப் பெயர்ப்பலகை, கதிரைக்கும் மேசைக்கும் இடைப்பட்ட தூரம் என்று அது போகும். எழுபத்தொன்பதாவது கேள்வி: ‘உணவு வழங்கப்படுகிறதா? ஆம் / இல்லை.’ அதற்கு இல்லை என்று வந்தாலும் ஒரு புள்ளிதான் குறையும். பரிசோதிக்கப் போகும் குழு அங்கே எதையும் வாயில் வைக்கக்கூடாது. சாப்பிட்டவர் நடுநிலையானவராக இருக்க முடியாது என்பது விதி. பரிந்துரை உத்தியோகத்தர் ‘நல்லம்’ என்ற சொல்லை வேலை நேரத்தில் பயன்படுத்தக்கூடாது. ‘தகைமை பெற்றது’ என்றுதான் சொல்ல வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் உட்துறைமுக வீதியில், கண்ணாடிக் கூண்டு ஒன்றில் அவனை இருத்தினார்கள். கழுத்துப்பட்டி, பெயர் அட்டை, மின்விசிறி எல்லாம் கொடுத்தார்கள். கூண்டுக்கு வெளியே ஒரு தட்டில் சபையின் வழிகாட்டிப் பிரசுரங்கள் அடுக்கியிருந்தன. முதல் வாரத்தில் அவற்றை அதிகம் பயன்படுத்தியவை வீதியில் திரியும் மான்கள். அவை வழுவழுப்பான அட்டையை விட்டுவிட்டு உள்ளே இருந்த பக்கங்களை மட்டும் தின்றன.

பிரசுரத்தில் தகைமை பெற்ற உணவகங்கள் மூன்று இருந்தன. ஒன்று, கடற்கரையோர ஹோட்டலின் உணவகம். அங்கே அறை எடுத்தவர்களைத் தவிர வேறு யாரையும் காவலாளி உள்ளே விடமாட்டான். இரண்டாவது, திருத்த வேலைக்காக இரண்டு வருடமாக மூடிக்கிடந்தது. ஆட்கள் போகாததால் மிகச் சுத்தமாக இருந்து, அது முதலாம் இடத்தைப் பெற்றிருந்தது. மூன்றாவது சபையின் சொந்தச் சிற்றுண்டிச்சாலை. அது மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைவரை சாப்பாட்டு இடைவேளைக்காகப் பூட்டப்படும்.

பதில் பெறுவதற்கு வருகிறவர் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. உள்ளூரவரா, வெளியூரவரா என்பது முதற் கேள்வி. இருபது கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வருகிறவர் வெளியூரவர். பசியின் தன்மை சாதாரணமா, அவசரமா என்பது இரண்டாவது. ஒருநாள் மூதூரிலிருந்து படகில் வந்த ஒரு மனிதர், பெயர் நஸ்ரி, கூண்டுக்கு முன்னால் நின்றார். மூதூர் கடலால் வந்தால் கிட்ட, தரையால் வந்தால் தூரம். அவர் எந்த வகை என்று கிருஷாந்தன் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டான். வந்த வழியைப் பார்ப்பதா, போகப் போகும் வழியைப் பார்ப்பதா என்று அங்கே விவாதித்தார்கள். கடைசியில் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் தீர்மானிக்கலாம் என்று பதில் வந்தது. நஸ்ரி கடிதம் வாங்கப் போகவில்லை. நாற்பது அடி தள்ளி இருந்த யோகம்மாவின் கடைக்குள் நுழைந்து, கொஞ்ச நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு படகைப் பிடிக்கப் போனார். போகும்போது கூண்டைப் பார்த்துக் கையும் காட்டினார். கிருஷாந்தன் அன்றுதான் முதன்முதலாக வெட்கப்பட்டான். அது சின்ன வெட்கம்தான்.

ஒவ்வொரு நாளும் பன்னிரண்டேகாலுக்குச் சபையின் ஜீப் அதே கடையின் பின்பக்கம் நிற்பதையும் அவன் கூண்டிலிருந்து பார்த்தான். சாரதி ஒரு பெரிய துணிப்பையோடு உள்ளே போவான். பையில் ‘கோப்புகள்’ என்று எழுதியிருக்கும். திரும்பும்போது அதில் பதினொரு சாப்பாட்டுப் பார்சல் இருக்கும். தலைமை அலுவலகத்தில் பணிப்பாளரோடு சேர்த்துப் பதினொரு பேர்.

கிருஷாந்தன் தானும் அங்கேதான் சாப்பிட்டான். யோகம்மா ஐம்பது வயது தாண்டியவர், திருக்கடலூர்ப் பெண். அவருடைய புருஷன் விடிய எழுந்து கரைக்குப் போய் மீன் பார்த்து எடுத்துவருவார், அவர் சமைப்பார். உட்கார நான்கு வாங்கும் ஒரு விறகடுப்பும்தான் கடை. துறைமுகத் தொழிலாளர்கள் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். கிருஷாந்தன் சோடா இறக்கிய காலத்திலிருந்தே அவருக்குத் தம்பி.

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்து என்ன சொல்லுறனீங்கள், தம்பி? எங்கட கடையையும் சொல்லுறனீங்களோ?” என்று ஒருநாள் அவர் சாதாரணமாகக் கேட்டார்.

கிருஷாந்தன் சோற்றைப் பார்த்துக்கொண்டு, இன்னும் பட்டியலில் சேரவில்லை என்றான். யோகம்மா மீன் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தார்.

சில நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பட்டியலில் உள்ளூர் மக்கள் நடத்தும் உணவகம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பணிப்பாளர் கூட்டம் கூட்டினார். எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிருஷாந்தன் எழுந்து யோகம்மாவின் பெயரைச் சொன்னான். அந்தக் கடை பட்டியலில் இருந்தால், கேட்கிறவர்களுக்குத் தன் வாயால் உண்மையைச் சொல்லலாம் என்பதுதான் அவனுடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். பணிப்பாளர் அவனுடைய முயற்சியைப் பாராட்டி, அந்தக் கடையைத் தகைமைக்கு உயர்த்தும் பொறுப்பை அவனிடமே கொடுத்தார்.

யோகம்மாவுக்கு மெத்தச் சந்தோசம். கடையின் முதற் புள்ளி எண்பத்திரண்டுக்கு நான்கு. கிருஷாந்தன் ஒவ்வொரு கிழமையும் படிவத்தோடு போய், ஒவ்வொரு கேள்வியாக விளக்கினான். அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். கதவை உடைத்து அகலமாக்கினார்கள். விறகடுப்பு போய் காஸ் அடுப்பு வந்தது. அம்மிக்கு உற்பத்தித் திகதி இல்லாததால் அம்மி போய், திகதி அச்சடித்த தூள் பைக்கற்றுகள் வந்தன. வாங்குகளை அகற்றிக் கதிரைகள் போட்டார்கள். சேட் போடாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று மூன்று மொழியில் எழுதித் தொங்கவிட்டார்கள். தொழிலாளர்கள் அதை ஒரு மொழியில் வாசித்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். உணவுப் பட்டியலில் படம் இருக்க வேண்டும் என்பதால் சபையே படம் போட்டுக் கொடுத்தது. அதில் இருந்த மீனை யோகம்மா வாழ்க்கையில் பார்த்ததில்லை. பட்டியலில் உள்ளது வருடம் முழுவதும் கிடைக்க வேண்டும் என்பது அறுபத்துமூன்றாவது கேள்வி. ஆகவே குளிர்ப்பெட்டி ஒன்றும் வந்தது.

கடைசியாக மீன். பதிவுபெற்ற விநியோகத்தரிடம் பற்றுச்சீட்டோடு வாங்கிய மீனாக இருக்க வேண்டும் என்று படிவம் சொன்னது. கரைவலைக்காரர் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை. பதிவுபெற்ற விநியோகத்தர் கொழும்பில் இருந்தார். திருகோணமலைக் கரையில் பிடித்த மீன் லொறியில் கொழும்புக்குப் போய், அங்கே பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு, இன்னொரு லொறியில் திருகோணமலைக்குத் திரும்பி வந்தது.

முதற் பெட்டி வந்த அன்று கிருஷாந்தன் கடையில் நின்றான். யோகம்மா பெட்டியைத் திறந்து, ஒரு பாரையை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தார். பிறகு அதை அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

“தம்பி, இதை நான் சமைக்கிறதோ?”

கிருஷாந்தன் சோடா லொறி ஓட்டியவன்தான். ஆனால் சாம்பல்தீவுக் கடற்கரையில் பிறந்தவன். அந்தச் செவுளின் நிறத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் அக்கா என்று இரண்டு சொல் சொன்னால் போதும். எண்பத்திரண்டில் எண்பத்தொன்று முடிந்திருந்தது. சான்றிதழ் விழாவுக்குத் திகதி குறித்திருந்தார்கள். அவன் மீனை விட்டுவிட்டுப் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தான்.

“சீட்டு சரியா இருக்கு, அக்கா” என்றான்.

யோகம்மா மீனை வெட்டப் போனார்.

சான்றிதழ் விழா சிறப்பாக நடந்தது. பணிப்பாளர் பேசினார். “நான்கு புள்ளியில் இருந்த ஒரு கடையை எண்பத்திரண்டு புள்ளிக்கு உயர்த்தியிருக்கிறோம். நாங்கள் வருவதற்கு முன்பு இங்கே கூட்டம் இருந்தது, ஒழுங்கு இருக்கவில்லை. இன்று பாருங்கள், எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.” பார்த்தார்கள். கதிரைகள் எல்லாம் வெறுமையாக, சம தூரத்தில் இருந்தன. பிரமுகர்களுக்கு மதிய உணவு மேடைக்குப் பின்னால் பரிமாறப்பட்டது. ஜீப்பில் இருந்து அந்தத் துணிப்பை இறங்கியபோது கிருஷாந்தன் பக்கத்தில் நின்றான். வாசம் வேறாக இருந்தது. சாரதியிடம் விசாரித்தான். சபை இரண்டு கிழமைக்கு முன்பே பார்சல் எடுக்கும் கடையை மாற்றிவிட்டது என்றும், இப்போது சந்தைக்குப் பின்னால் உள்ள றுக்கியாவின் கடையில்தான் எடுக்கிறார்கள் என்றும் சாரதி சொன்னான்.

கிருஷாந்தன் கூண்டுக்குத் திரும்பினான். இப்போது அவனால் யோகம்மாவின் கடையைத் தாராளமாகப் பரிந்துரைக்க முடிந்தது. பரிந்துரைத்தான். ஒருநாள் புல்மோட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வந்த ஒரு பெண்ணையும் அவளுடைய தகப்பனையும் அங்கே அனுப்பினான். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். மகள் பேருந்து நேரம் கேட்டாள். தகப்பன் கண்ணாடிக்குக் கிட்ட வந்து, கோபமில்லாமல், ஏதோ தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பவர்போல, “தம்பி, நீங்களும் அங்கதானோ சாப்பிடுறனீங்கள்?” என்றார்.

கிருஷாந்தன் ஓம் என்றான்.

அவன் ஒரு மாதமாக வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்துகொண்டிருந்தான். மேசைக்குக் கீழே, காலுக்குப் பக்கத்தில் பிரசாந்தி கட்டிக்கொடுத்த புட்டு இருந்தது. கிழவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு கிருஷாந்தனால் அந்தப் புட்டைத் தொட முடியவில்லை. எழுந்து யோகம்மாவின் கடைக்குப் போனான்.

அவர் தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு தனியே இருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். வருகிறவர்கள் குறைவு, வந்தவர்களும் சான்றிதழைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று யாரையும் குறை சொல்லாமல் சொன்னார். பிறகு முன்னால் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தார். மீனில் ஐஸ்தண்ணி மணந்தது. கறியில் எல்லாருடைய கறியிலும் இருக்கும் அந்தத் தூள் இருந்தது. அவன் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான்.

“நல்லம், அக்கா” என்றான். வேலை நேரத்தில் அந்தச் சொல்லை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நீங்கள் எனக்கு நல்லதுதானே செய்ய நினைச்சனீங்கள்” என்றார் யோகம்மா.

இரண்டு மாதத்தில் கடை மூடிவிட்டது. சபையில் அதைப் பற்றி ஒருவரும் பதறவில்லை. மூடிய கடையைப் பற்றி ஒரு முறைப்பாடும் வராததால், மறு காலாண்டில் அது பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. ஆனால் சுற்றறிக்கையின்படி உள்ளூர் மக்கள் நடத்தும் இன்னொரு கடையையும் சேர்க்க வேண்டியிருந்தது. பணிப்பாளர் கூட்டத்தில் ஏப்பம் விட்டபடி, சந்தைக்குப் பின்னால் றுக்கியா என்பவர் நடத்தும் கடையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் நிலவுவதாக அறிகிறேன் என்றார். கோப்பு கிருஷாந்தனின் மேசைக்கு வந்தது.

அவன் படிவத்தோடு போனான். றுக்கியாவின் கடை தகரக் கூரை போட்ட நீளமான ஒரு சாய்ப்பு. மத்தியானம் என்பதால் நிற்கவும் இடமில்லை. றுக்கியா கணவாய்க் கறியைக் கிளறிக்கொண்டே அவனை வரவேற்றார். அவருடைய மகள் பஸ்னா சான்றிதழ் மாட்டுவதற்குச் சுவரில் ஆணியும் அடித்துவைத்திருந்தாள்.

“நம்மட கடையையும் பட்டியல்ல போடப் போறீங்களாம் எண்டு கேள்விப்பட்டம், தம்பி” என்றார் றுக்கியா. “என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க. எல்லாம் செய்வம்.”

கிருஷாந்தன் ஒரு மூலையில் உட்கார்ந்து, விதியை மீறி ஒரு தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டான். கணவாய் வாயில் கரைந்தது. சாப்பிடச் சாப்பிட அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கையைக் கழுவிவிட்டு, கடைக்கு வெளியே வந்து, மதிலில் படிவத்தை வைத்து நிரப்பினான். ஒரு கேள்விக்கும் புள்ளி போடவில்லை. குறிப்பு என்ற இடத்தில், ‘மேற்படி விலாசத்தில் கடை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தான்.

மறுநாள் மத்தியானம் அதைப் பணிப்பாளரிடம் கொடுத்தான். அவர் முன்னால் றுக்கியாவின் பார்சல் விரித்திருந்தது. ஒரு கையால் கணவாயைப் பிசைந்துகொண்டு மற்றக் கையால் அறிக்கையைப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு பார்சலைப் பார்த்தார். பிறகு கிருஷாந்தனைப் பார்த்தார்.

“நேரில போய்ப் பார்த்தனீங்களோ?”

“ஓம், சேர்.”

“அப்ப சரி. இல்லாத கடைக்கு நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாதுதானே” என்று சொல்லி, இடக்கையால் கையொப்பமிட்டார். பேனையைக் கீழே வைக்கும்போது அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாகக் கிருஷாந்தனுக்குப் பட்டது. நாளைக்கும் கணவாய் கிடைக்குமே என்ற நிம்மதியாக இருக்கலாம்.

றுக்கியாவுக்கு விசயம் தெரிந்தபோது கடும் கோபம். சந்தையில் அவனைக் கண்டு, இத்தனை பேர் சாப்பிடுகிற கடை உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதா என்று சுற்றி நின்ற ஆட்களுக்கும் கேட்கும்படி ஏசினார். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். அந்த ஏச்சு அவனுக்கு ஒருவகையில் இதமாகக்கூட இருந்தது. தான் செய்த ஒரு நல்ல காரியத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. பிரசாந்தியிடம் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, இதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திருக்கடலூருக்குப் போனான். யோகம்மா வீட்டு வாசலில் இருந்து, பக்கத்துக் கடைகளுக்குக் கொடுப்பதற்காக இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கிருஷாந்தன் முழுக் கதையையும் சொன்னான். றுக்கியாவின் கூட்டத்தையும், தான் சாப்பிட்டதையும், மதிலில் வைத்து எழுதியதையும், பணிப்பாளர் கணவாய்க் கையோடு வாசித்ததையும் சொன்னான். யோகம்மா சிரிக்கத் தொடங்கினார். இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கடை மூடிய பிறகு அவர் சிரித்து அவன் பார்க்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வந்தது.

யோகம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

“அப்ப என்ர கடைக்கும் அப்பிடி எழுதியிருக்கலாமே, தம்பி.”

அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கதையைக் கேட்டுக்கொண்டு வந்தவருக்கு அந்த இடத்தில் இயல்பாகத் தோன்றியிருக்கிறது. சொன்ன பிறகுதான் அவருக்கும் அது உறைத்ததுபோல, சிரிப்பு மெல்ல நின்றது.

அப்படி எழுதலாம் என்று அந்த நேரம் தனக்குத் தெரியாது என்றான் கிருஷாந்தன்.

“ஓம். தெரிஞ்சிருக்காது” என்றார் யோகம்மா. அவர் உரலை எடுத்து அடுத்த தட்டில் பிழியத் தொடங்கினார். மாவு நூல்நூலாக இறங்கியது. கிருஷாந்தன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வெறுங்கோப்பையாகி வெகுநேரமாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று அவர் கேட்டார். நிமிராமலே ஓம் என்று கோப்பையை நீட்டினான்.